ஆட்டுச் சீட்டும் ஆணித் தண்ணீரும்

மைனி,

இன்று உங்கள் மரண சர்டிபிகேட்டை வாங்கி வந்தேன். மூணாறு பஜாரில், மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். கையில் வாங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் பக்கம் திரும்பி, காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிறகு மூலையைக் கட்டைவிரலால் தேய்த்தேன். கல்யாணப் பத்திரிகை வந்தாலும், கரண்ட் பில் வந்தாலும் நீங்கள் செய்கிற அதே வேலை. அதற்காக உங்களை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்!

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு என் சந்தேகம் பிடிக்கவில்லை. "ஓரத்தில கட்டம் இருக்கில்லே சேச்சி, போன்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க. ஒறிஜினலாக்கும்" என்றாள். பண்ணிப் பார்த்தேன். போனில் உங்கள் பெயர் வந்தது, அண்ணன் பெயர் வந்தது, தேதி வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காகிதம் மட்டும் வெறும் காகிதம், வெளியே நிற்கிற ஆட்டோ அதன் வழியாகத் தெரிகிற அளவுக்கு மெலிசு. நீங்கள் இருந்திருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பீர்கள்.

ரேஷன் கார்டில் உங்கள் பெயரை வெட்டுவதற்கு இது வேண்டுமாம். நம்முடையது மூன்று பேர் கார்டு. அண்ணன், நீங்கள், நான். கடைக்காரர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், நானும் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்திவிட்டேன். கையில் காகிதம் வந்துவிட்டது, இனி சாக்குச் சொல்ல முடியாது. சித்திரபுரம் பஸ்ஸில் மடியில் அதை வைத்துக்கொண்டு வரும்போது எனக்கு ஆட்டுச் சீட்டு ஞாபகம்தான் வந்தது.

நீங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், இந்த எஸ்டேட் லயத்தில் எல்லோருக்கும் உங்கள் பேச்சு வேடிக்கை. அண்ணனைப் பார்த்து "ஏனுங்க, ஊட்டுக்கு வரலீங்களா?" என்பீர்கள். நான் அதையே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவேன். நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். "அம்மிணி, நல்லாத்தான் சொல்றே. இன்னும் கொஞ்சம் இழு" என்பீர்கள். உங்களைச் சீண்டுவதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் தோல்விதான்.

ஊரில் கைக்காகிதக் கூடத்தில் வேலை செய்தவர் நீங்கள். இங்கே வந்தும் சும்மா இருக்கவில்லை. பெண்கள் குழுவைச் சேர்த்துக்கொண்டு, ரோட்டுக்குக் கீழே தகரக் கொட்டகையில் காகிதம் போட ஆரம்பித்தீர்கள். பழைய வேட்டித் துணியையும் தேயிலைக் காம்பையும் அவித்து, இடித்து, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளிக் காயவைப்பீர்கள். டூரிஸ்டுகள் வாங்குகிற பையும் வாழ்த்து அட்டையும்தான் அதில் வரும். "என்ன மைனி, சோத்துக்குப் பதிலா காயிதம் அவிக்கீங்களா?" என்று நான் கேட்டதற்கு, எனக்கு ஒரு கரண்டி ஊற்றிக் கொடுக்க வந்தீர்கள்.

அண்ணனுக்குக் கால் முறிந்து ஜீப் ஓட்ட முடியாமல் போனது அதற்குப் பிறகு. யூனியன்காரர்கள் இரக்கப்பட்டு அவனை ஸ்டாண்டில் டர்ன் சீட்டுக் கொடுக்க உட்காரவைத்தார்கள். காலையில் ஒவ்வொரு டிரைவரும் அண்ணன் நம்பர் எழுதி சீல் குத்திய சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த வரிசைப்படிதான் டூரிஸ்டுகளை ஏற்ற வேண்டும். முன் நம்பர் கிடைத்தவனுக்கு அன்றைக்கு இரண்டாவது ஓட்டமும் கிடைக்கும். பின் நம்பர்க்காரன் மத்தியானம்வரை ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அந்த சீசனில் ஒரே நம்பரில் இரண்டு ஜீப் வந்து நிற்க ஆரம்பித்தது. சிலது கலர் ஜெராக்ஸ். சிலது அசல் சீட்டிலேயே கைவைத்தது. பதினான்கில் ஒன்றை பிளீச்சிங் பவுடர் தண்ணீரால் அழித்தால் நான்கு ஆகிவிடும்.

பழி அண்ணன் மேல் விழுந்தது. நான் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கடை ஸ்டாண்டுக்கு எதிரேதானே, அவர்கள் பேசுவதெல்லாம் என் காதில் விழும். "சீல் அவன் கைலதான இருக்கு, வேற யாரு செய்வா?" என்றார் ஒருவர். நிறுத்துக்கொண்டிருந்த ஏலக்காயை அப்படியே போட்டுவிட்டு நான் இறங்கிச் சண்டைக்குப் போனேன். யூனியன் செக்ரட்டரி வந்து விலக்கினார். ஆனால் அவரும் கடைசியில் ஒன்று சொன்னார்: "சீசன் முடியுறதுக்குள்ள டூப்ளிகேட் நிக்கலேன்னா வேற ஆளைப் போட வேண்டி வரும். எனக்கும் வேற வழியில்லை."

அண்ணன் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டான். சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். வேலை போவதைவிட, கள்ளன் என்ற பெயரோடு போவதுதான் அவனைத் தின்றது. நான் இன்னும் இரண்டு பேரைத் திட்டிவிட்டு வரலாம் என்று முந்தானையைச் செருகினேன். "சண்டை போட்டா இது நிக்காது அம்மிணி" என்றீர்கள். "செய்யறவன் கையை நாம புடிச்சு நிறுத்த முடியாது. அவன் தொட்டான்னா தொட்டது தெரியோணும். அப்படியொரு காயிதம் போட்டுப் பாக்கலாம்."

சல்லடைமேல் செம்புக் கம்பியை வளைத்து வளைத்துத் தைத்தீர்கள். கம்பி இருக்கிற இடத்தில் கூழ் மெலிசாகப் படியும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்த உருவம் தெரியும் என்றீர்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஜீப் உருவம் என்று கணக்கு. காய்ந்த பிறகு தூக்கிப் பார்த்தால் ஜீப்பைக் காணோம், ஆடு நிற்கிறது! நாலு கால், முன்னால் கொம்பு. வெகுநாளைக்குப் பிறகு அண்ணன் அன்றுதான் சிரித்தான். "ஆடுன்னே இருக்கட்டுமுங்க" என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள். அதனால் ஸ்டாண்டில் அதற்கு ஆட்டுச் சீட்டு என்றே பெயர் விழுந்தது.

பிறகு தாளையெல்லாம் கடுந்தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தீர்கள். எனக்கு ஒரு சீட்டில் பதினான்கு என்று எழுதிக் கொடுத்து, "ஒன்னை அழி பாக்கலாம்" என்றீர்கள். பிளீச்சிங் தண்ணீரைத் தொட்டு அழித்தேன். ஒன்று போயிற்று, ஆனால் அந்த இடத்தில் சாயமும் போய், நெற்றியில் திருநீறு பூசியது மாதிரி வெள்ளையாகிவிட்டது. உங்கள் முகத்தில் அப்போது இருந்த கர்வத்தைப் பார்க்க வேண்டுமே! செக்ரட்டரிக்கும் பிடித்துப்போனது. கறை பட்ட சீட்டு, நிறம் மாறிய சீட்டு எதுவும் செல்லாது என்று போர்டில் எழுதியே போட்டுவிட்டார்.

முதல் நாளே மழை. கூரைத் துணி ஒழுகாத ஜீப் நம் ஊரில் ஏது? டிரைவர்கள் வழக்கம்போல் சீட்டை முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற துருப்பிடித்த கிளிப்பில் மாட்டினார்கள். மத்தியானத்துக்குள் எல்லாச் சீட்டிலும், கிளிப் கடித்த இடத்தில், அடிபட்ட காயம் மாதிரி கன்னங்கரேலென்று ஒரு கறை. போர்டில் எழுதியபடி பார்த்தால் ஸ்டாண்டில் ஒரு சீட்டும் செல்லாது. ஒரே கூச்சல். "பெண்டாட்டி போட்ட காயிதம், புருஷன் குத்தின சீலு, நல்ல குடும்பம்!" என்று ஒருவர் கத்தியது கடைவரைக்கும் கேட்டது. அண்ணன் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது.

நீங்கள் ஒரு சீட்டை எடுத்து முகர்ந்து பார்த்தீர்கள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "இரும்புச் சட்டியில டீ வெச்சா கறுத்துப்போகும்னு இந்த மலையில பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோணல பாரு அம்மிணி!" சாயம் வேண்டாம், வெள்ளைத் தாளாகப் போடுங்கள் என்றேன் நான். நீங்கள் கறுத்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "அந்த ஜெராக்ஸுக் காயிதம் இப்படிக் கறுக்குமா?" என்று கேட்டீர்கள்.

மறுநாள் துருப்பிடித்த ஆணிகளை ஊறுகாய் வினிகரில் போட்டு ஊறவைத்தீர்கள். தண்ணீர் கலங்கியதும் சின்ன ஹோமியோ பாட்டிலில் ஊற்றி, ஒரு ஈர்க்குச்சியோடு அண்ணனிடம் கொடுத்தீர்கள். "ஏனுங்க, சந்தேகம் வந்தா ஒரு பொட்டு வையுங்க. நம்ம காயிதம்னா கறுக்குமுங்க." யாராவது ஜெராக்ஸைத் தேயிலைச் சாயத்தில் முக்கிவிட்டால் என்ன செய்வது என்று நான் குறுக்கே விழுந்தேன். "கறுக்கும். ஆனா ஆடு எங்கிருந்து வரும்?" என்றீர்கள். கறுத்தாலும் செல்லும், வெளுத்தால்தான் செல்லாது என்று போர்டில் மாற்றி எழுதவைக்க அண்ணன் செக்ரட்டரி காலில் விழாத குறை. அது மாறும்வரை, கறை படாமலிருக்க சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்காம் நம்பரில் இரண்டு ஜீப் வந்து நின்றது. இரண்டு டிரைவர்களும் என்னுடையதுதான் அசல் என்று நின்றார்கள். இரண்டு சீட்டும் தவிட்டு நிறம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கூட்டம் கூடிவிட்டது. நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அண்ணன் பாட்டிலைத் திறந்து ஈர்க்குச்சியைத் தோய்த்தான். முதல் சீட்டில் பொட்டு வைத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. இரண்டாவதில் வைத்தான். பொட்டு ஆணித் தண்ணீரின் மஞ்சளாகவே நின்றது. "இதென்ன மந்திரவாதமா?" என்று அந்த டிரைவர் சத்தம் போட்டார். செக்ரட்டரி இரண்டையும் வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஒன்றில்தான் ஆடு இருந்தது. "சீலு இவன்கிட்ட இருந்தா போதுமா? ஆடு வேணுமில்லே!" என்று யாரோ சொல்ல, ஸ்டாண்டே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டான். அவன் குரல் பழைய குரலாக இருந்தது.

நீங்கள் அங்கே இருந்தது அண்ணனுக்குத் தெரியாது. எதிர் பஸ் ஸ்டாப்பில் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றீர்கள். அவன் நம்பர் கூப்பிட்டது காதில் விழுந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறி கொட்டகைக்குப் போய்விட்டீர்கள். சாயங்காலம் அண்ணன் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல, முதல் தடவை கேட்கிற மாதிரியே "அப்படீங்களா!" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த டிரைவரின் பெயரை இங்கே எழுத மனமில்லை. ஒரு சீசன் அவரை நிறுத்திவைத்தார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். உங்களைக் கோட்டயம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, ரோட்டிலிருந்து லயம்வரை தன் ஜீப்பில் ஏற்றி வந்தது அவர்தான். ஸ்டாண்டில் இப்போது சீட்டே கிடையாது, டர்ன் நம்பர் போனில் வருகிறது. அண்ணன் அந்தப் போனைப் பார்த்து நம்பர் கூப்பிடுகிறான்.

இன்று சாயங்காலம் சர்டிபிகேட்டை அவன் முன்னால் வைத்தேன். எடுத்துப் படித்தான். என்னை மாதிரியே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்த ஹோமியோ பாட்டிலை எடுத்து வந்தான். அது இன்னும் அங்கே இருந்தது எனக்கே தெரியாது. ஈர்க்குச்சியால் மூலையில் ஒரு பொட்டு வைத்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கறுக்கலையே, ஏட்டி" என்றான்.

இது தேயிலைச் சாயத்தில் முக்கிய காகிதம் இல்லை, எப்படிக் கறுக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. அவன் ஸ்டாண்டில் சொல்கிற அதே குரலில், "இது செல்லாது. ரேஷன் கடைக்குக் கொண்டுபோகாத" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை என்னிடமே கொடுத்தான்.

நானும் சரி என்று வாங்கி, கார்டுக்குள் மடித்து வைத்துவிட்டேன், மைனி. கார்டில் இன்னும் மூன்று பேர்தான் இருக்கிறோம்.