இரண்டு ஆர். ஆண்டாள்

21 ஜனவரி 1991, திங்கள்

காலையில் நல்ல பனி. ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது மலையே தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். செருப்பு வார் அறுந்தது.

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ என் கைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. முன்பு பார்த்த டீச்சர் பிரசவ விடுப்பில். பிள்ளைகளின் முகமும் பெயரும் இன்னும் மனதில் ஒட்டவில்லை. அரையாண்டு மார்க் கார்டு வெள்ளிக்கிழமை கொடுத்தேன். இன்று பெற்றோர் கையெழுத்தோடு வந்தவை முப்பத்தொன்று. வராதவை ஒன்பது.

வரிசை எண் 4, ஆர். ஆண்டாள்: கார்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கான்சாபுரத்துப் பிள்ளை. கணக்கில் 22, சிவப்பு மை. மற்றதெல்லாம் அறுபதுக்கு மேல். காய்ச்சலாக இருக்கும்.

22, செவ்வாய்

இன்றும் வரவில்லை. அவள் வரும் அதே பஸ்ஸில் வரும் வத்திராயிருப்புப் பிள்ளையிடம் கேட்டேன்.

“அவ இனிமே வரமாட்டா டீச்சர். கணக்குல பெயிலாயிட்டால்ல. அவ அப்பா ராஜபாளையத்துல அத்தை வீட்டுல விட்டு மில்லுல சேக்கப் போறாவ.”

“ஒரு பாடத்துக்கா?”

“ஒண்ணுல போனாலும் நிப்பாட்டிருவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தாவ. ஆனா டீச்சர், பேப்பர்ல அவளுக்கு எண்பத்தொண்ணு. நானே பாத்தேன்.”

ஒன்றும் புரியவில்லை. எண்பத்தொன்று இன்னொரு ஆர். ஆண்டாளின் மார்க். வரிசை எண் 3, உள்ளூர்ப் பிள்ளை, தையல்காரர் மகள்.

மதியம் சாப்பிடாமல் பீரோவில் தேடி, கணக்கு டீச்சர் எழுதிக் கொடுத்த பட்டியலை எடுத்தேன். ஆர். ஆண்டாள் 81. இன்னொரு ஆர். ஆண்டாள் 22. வரிசை எண் இரண்டிலும் இல்லை. முதலில் இருந்ததை 3-க்கும் அடுத்ததை 4-க்கும் நானாகப் போட்டிருக்கிறேன். கார்டு எழுதிய அன்று கணக்கு டீச்சர் லீவு, கேட்க முடியவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அதுதான் உண்மை.

ஆனால் இன்னும் உறுதியாகத் தெரியாதே. பிள்ளைகள் கூட்டாளிக்காகப் பொய்யும் சொல்லும்.

23, புதன்

3-ஆம் எண் ஆண்டாளை வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டேன். ஒல்லி. கேட்பதற்கு முன்பே கண் கலங்கிவிட்டது.

“உன் கணக்குப் பேப்பர்ல எம்புட்டு?”

“இருபத்திரண்டு டீச்சர்.”

“கார்டு வாங்குனதும் ஏன் சொல்லல?”

“பேப்பர்ல இருபத்திரண்டு இருந்துச்சு. கார்டுல எண்பத்தொண்ணு இருந்துச்சு. ரெண்டுல எது என் மார்க்குன்னு தெரியல டீச்சர். நீங்க பாத்துத்தான போட்டிருப்பீங்க?”

கோபப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. வகுப்புக்குப் போகச் சொன்னேன். தமிழ்ப் பாடத்தில் நடத்திய பக்கத்தையே மறுபடி நடத்தினேன். பிள்ளைகளும் சொல்லவில்லை.

24, வியாழன்

கணக்கு டீச்சர் பதிவைப் பார்த்து உறுதி செய்தார். எண்பத்தொன்று கான்சாபுரத்துப் பிள்ளைக்குத்தான். நேராக ஹெ.எம். அறை.

“கார்டுல அடிச்சுத் திருத்துனா பெத்தவங்க நம்மள என்ன நினைப்பாங்க? அடுத்த பரீட்சையில சரியாயிரும், விடுங்க.”

“அடுத்த பரீட்சைக்கு அந்தப் பிள்ளை இருக்கணுமே மேடம்.”

ஜன்னலைப் பார்த்தார். பெல்லை அடித்து, ஆபீஸிலிருந்து இரண்டு புதுக் கார்டு கொண்டுவரச் சொன்னார். “பழசு ரெண்டும் என்கிட்ட திரும்பி வரணும்.”

25, வெள்ளி

புதுக் கார்டுகள் எழுதினேன். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை பார்க்கும்போது எல்லாமே தப்பாகத் தெரிந்தது.

3-ஆம் எண்ணின் நடத்தைக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மறைத்தாளா, குழம்பினாளா? ‘நன்று’ என்றே எழுதினேன். சரிதானா தெரியவில்லை.

சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும். நாளை கொடியேற்றம், ஏழரைக்கே போக வேண்டும்.

27, ஞாயிறு

கான்சாபுரம் போய் வந்தேன். வத்திராயிருப்பில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை. எதுவும் உதவவில்லை.

அப்பா கொத்தனார். “வாங்க டீச்சர்” என்று பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டார். ஆண்டாள் கதவு ஓரத்தில். கொடியில் துணி எதுவும் இல்லை. எல்லாம் ஒரு பையில் கட்டியிருந்தது.

தப்பு என்னுடையது என்று சொல்லிப் புதுக் கார்டை நீட்டினேன். பழையதையும் எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இவ அன்னைக்கே பேப்பரைக் காட்டுனா. நீயே திருத்திக்கிட்டு வந்தியான்னு அடிச்சேன். சீல் வச்ச கார்டு பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். இதுலயும் அதே சீல்தான் இருக்கு. நான் எதை டீச்சர் நம்புறது?”

அவர் மகளைப் பார்த்தார். “ஏட்டி, இங்க வா. பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒம்பது அங்குலச் சுவர். கல்லு எம்புட்டு வேணும்?”

“ஒரு கல்லு என்ன அளவுப்பா?”

“சாந்தோட சேத்து ஒம்பதுக்கு நாலரை. கனம் மூணு அங்குலம்.”

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டாள். நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்து, அடியை அங்குலமாக்குவதிலேயே தொலைந்து போனேன்.

“ஆயிரத்து அறுபத்தேழு.”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார், வாசிக்கிற மாதிரித் தெரியவில்லை. “நான் ஆயிரத்து நூறு எறக்குவேன். உடையிறது போகச் சரியாத்தான் இருக்கும்.”

புதுக் கார்டில் கையெழுத்துப் போட்டார். பழையதை என்னிடம் தந்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகவும் சொல்லவில்லை, அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன். திரும்பும் பஸ் முழுக்க அதே யோசனை: கார்டை நம்பினாரா, செங்கலை நம்பினாரா?

28, திங்கள்

வந்துவிட்டாள். பஸ் தாமதமாம், இரண்டாவது பீரியடில் வாசலில் நின்றாள். இடது முழங்கைக்கு மேல் கன்றிப்போன தடம். எல்லோர் முன்னாலும் மார்க்கை நான்தான் மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னேன். “பரவால்ல டீச்சர்” என்றாள், ரொம்ப வேகமாக. அந்த வேகம்தான் உறுத்துகிறது.

3-ஆம் எண்ணிடம் திருத்திய கார்டைக் கொடுத்தேன். வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பழைய கார்டு இரண்டும் ஹெ.எம். மேசைக்குப் போயின.

29, செவ்வாய்

பதினோரு மணிக்கு 3-ஆம் எண் ஆண்டாளின் அப்பா வந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் அப்படியே தொங்குகிறது. கையில் கார்டு. சத்தம் போடுவார் என்று தயாராக நின்றேன்.

“எண்பத்தொண்ணுன்னு தெரு பூராவும் சொல்லிட்டேன் டீச்சர்.”

“தப்பு என் மேலதான். பிள்ளையத் திட்டாதீங்க.”

“திட்டல. ஒரு வாரமா அவ சரியாச் சாப்பிடல. நான் சந்தோசத்துல கவனிக்கல.”

மேசையில் கார்டை விரித்து, இருபத்திரண்டின் மேல் விரலை வைத்தபடி நின்றார். என் பேனாவைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

“அந்தக் கான்சாபுரத்துப் பிள்ளை ஸ்கூலுக்கு வருதா?”

“நேத்துல இருந்து வருது.”

“அப்பம் சரி” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.