மாதிரி விடை: இது ஒரு பாம்பு

புது அச்சு மையின் வாசனை ஒரு காலத்தில் எனக்குப் பிடிக்கும். இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு கட்டு நாள்காட்டி வந்தது. பிரித்ததும் அந்த வாசனை குப்பென்று அடிக்க, எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த எரிச்சல் அப்படியே மேலே வந்துவிட்டது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். பாதி எரிச்சல் உன் மேல்தான்.

நீ எதையும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். சனிக்கிழமை தவறாமல் அக்கரையில் பிறை ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஃபெரி ஏறித் தீவுக்கு வருவாய். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அறையில் நாம் இருவரும் பிள்ளைகளைக் கதை செய்ய வைத்தோம். தாள் அடுக்குவது, கலர் பென்சில் சீவுவது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்வது என் வேலை. விளையாட்டை உண்டாக்குவது உன் வேலை. வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் எல்லாச் சாமானும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்க்கிறவள் நீ. சனிக்கிழமை வந்தால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கவே கூடாது உனக்கு.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடு இழுக்கச் சொல்வாய். கண்ணைத் திறந்ததும், இது யார், இதற்கு என்ன பிடிக்காது என்று கேட்பாய். ஒரு தாளை மூன்றாக மடித்து ஒரு பிள்ளை தலையையும், இன்னொன்று உடம்பையும், மற்றொன்று காலையும் வரையும். பிரித்ததும் வருகிற விசித்திரப் பிராணி பசார் சந்தையில் எதைத் தொலைத்துவிட்டு அழுகிறது என்பது உன் கேள்வி. ஏன் பிடிக்காததையே கேட்கிறாய், பிடித்ததைக் கேட்கக் கூடாதா என்றேன் ஒருமுறை.

“பிடிச்சத கேட்டா எல்லாரும் ஐஸ்கிரீம்னு சொல்லுவாங்க லா” என்றாய்.

கீர்த்தனாவை நினைக்கிறேன். ஆறு வயது. வாரக் கணக்கில் தாள் முழுக்கக் கருப்புக் கலரையே தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு கலரை அவள் கையில் திணிக்க நான் துடித்தேன், நீ விடவில்லை. ஒருநாள் அவள் அம்மா நேரே உள்ளே வந்தார். மாக் மண்டின் தொழிற்சாலையில் வேலை அவருக்கு. விடிவதற்குள் ஃபேக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். வாரா வாரம் பிள்ளை கருப்புத் தாளையே வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், இங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். நீ ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கக்கா. நீங்களும் ஒன்னு வரைங்க” என்றாய்.

அவர் கோபத்தோடுதான் உட்கார்ந்தார். வரைந்தது ஒரு பஸ். சக்கரம் இல்லை. நீ ஒன்றும் கேட்கவில்லை. கீர்த்தனாதான் எட்டிப் பார்த்தாள்.

“சக்கரம் எங்கம்மா?”

“இருந்தா காலையில வந்துருமே.”

பிள்ளை கருப்புப் பென்சிலை எடுத்து, பஸ்ஸைச் சுற்றி இடமே விடாமல் தேய்த்தாள். “இது ராத்திரி. இது முடியலன்னா பஸ்ஸு வராது” என்றாள்.

அந்த அம்மா தாளை மடிக்காமல் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதை நான் எப்படிப் புத்தகமாக்குவது, சொல். நீ போன பிறகு உன் வீட்டுக்காரர்தான் கேட்டார். உன் பேர் போட்ட ஒரு புத்தகம் வந்தால் போதும் என்றார். அவருக்காகத்தான் ஞாபகத்தைத் தோண்டித் தோண்டி உன் விளையாட்டுகளை எழுதினேன். பட்டர்வொர்த்தில் பயிற்சிப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தார் ஒப்புக்கொண்டார்கள். புது மை வாசனையோடு மாதிரிப் பிரதியும் வந்தது. பளபளவென்ற அட்டை, அதில் உன் பேர். உள்ளே, கண்ணை மூடிக் கோடு இழுக்க வேண்டிய இடத்தில் அவர்களே ஒரு கோட்டை இழுத்து வைத்திருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில்: ‘மாதிரி விடை: இது ஒரு பாம்பு. இதற்குக் கீரியைப் பிடிக்காது.’

ஒவ்வொரு பக்கத்திலும் இப்படி ஒன்று. நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். பதிப்பாசிரியர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். விடையை எடுத்துவிடுங்கள் என்றேன். “விடை இல்லாத புத்தகத்த எந்தப் பேரண்ட்ஸ் வாங்குவாங்கக்கா? பக்கம் காலியா இருந்தா அச்சுல ஏதோ விட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிருவாங்க லா” என்றார். கீர்த்தனாவின் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார். கேட்டுவிட்டு, அதையும் ஒரு மாதிரி விடையாகப் போட்டுவிடலாமே என்றார். புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று மாலையே பிறைக்குப் போய் உன் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மாதிரிப் பிரதியை வாங்கிக்கொண்டார்; ஒரு பக்கம்கூடப் பிரிக்கவில்லை. அட்டையில் இருந்த உன் பேரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“நீங்க சண்ட போட்டது நியாயந்தான் சிஸ்டர். ஆனா எனக்கு இந்தப் புத்தகம் வேணும்.”

கொடுத்துவிட்டேன். பாம்பும் கீரியுமாக, நீ பார்த்தால் கிழித்துப் போட்டிருக்கக்கூடிய அந்த ஒற்றைப் பிரதி, உன் வீட்டுக் கூடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் செய்ததும் தப்பில்லை, நான் செய்ததும் தப்பில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் படுத்துகிறது. யார் மேலாவது முழுசாகக் கோபப்பட முடிந்தால் நிம்மதியாக இருக்கும்.

சனிக்கிழமை வகுப்பை நான் விடவில்லை. உன் அளவுக்கு எனக்கு வராது. புதிதாக ஒரு விளையாட்டு உண்டாக்குவதற்குள் மண்டை காய்ந்துவிடுகிறது. இப்போது வருகிற பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்ததும் என் முகத்தைப் பார்த்து, “சரியா டீச்சர்?” என்கிறார்கள். ஆமாம், இல்லை, இங்கே ஒரு மரம் போடு, அங்கே ஒரு சூரியன் போடு என்று எல்லாம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும். விழுங்குகிறேன். பிள்ளை இன்னும் கொஞ்சம் என்னைப் பார்க்கும்; பிறகு எரிச்சலோடு தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மறுபடியும் பென்சிலை எடுக்கும். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அந்த விழுங்கல் ஒன்றுதான். இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டையில் அடைக்கிறது.