ஸ்டூடியோவில் மாட்டிய கோட்டு

மஸ்கெலியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், அப்பாவின் இருமல் மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது, நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அண்ணன் லோஜன் இதைப் படமெடுத்து அனுப்புவான்.

முதலில் நேற்று உனக்கு வந்த போட்டோவுக்காக அப்பாவை மன்னித்துவிடு. வியாழக்கிழமை இன்டர்வியூவில் உன் மண் ஆராய்ச்சியைப் போஸ்டராக வைத்து விளக்க வேண்டும் என்று சொன்னாய் அல்லவா, போஸ்டர் என்றால் உன் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார், இங்கே எலெக்ஷனுக்கும் இழவுக்கும் அப்படித்தானே ஒட்டுகிறார்கள். உன் பழைய போட்டோவைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் ஸ்டூடியோ நிரோஷனிடம், "மக சயின்டிஸ்ட்டுப்பா, அதுக்கேத்த மாதிரி செஞ்சு குடு" என்றாராம். அவனும் கம்ப்யூட்டரில் உனக்கு ஒரு கறுப்புக் கோட்டு மாட்டி, மூக்குத்தியைத் துடைத்து, முகத்துக்குச் சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்துவிட்டான். "யாருங்க இந்தப் புள்ள?" என்று நான் கேட்டதும் அப்பா அதைப் பிடுங்கி, லோஜனிடம் கொடுத்து உடனே உனக்கு அனுப்ப வைத்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் போன கிழமை நீ கேட்டது ஞாபகம் வந்தது. மூக்குத்தியைக் கழற்றி, பின்னலை வெட்டிவிட்டுப் போனால்தான் பார்க்க விஞ்ஞானி மாதிரி இருக்கும், நிரந்தர வேலையும் கிடைக்கும் என்று உன் ஆய்வுகூடத்துப் பெரிய மேடம் சொன்னார்களாம், என்ன செய்யட்டும் அம்மா என்றாய். உன் இஷ்டம் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

இப்போது சொல்கிறேன் கேள். தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கிற அறைக்குள் நாங்கள் வளையல், தோடு, ஒட்டுப்பொட்டு எல்லாம் கழற்றி வைத்து, தொப்பி போட்டுக்கொண்டுதான் போகிறோம். போன வருஷம் மறந்துபோய் என் பொட்டு தேயிலைக்குள் விழுந்து, பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா எல்லாருக்கும் முன்னால், "என்ன சண்முகவடிவு, வெள்ளக்காரனுக்குப் பொட்டும் சேத்தா அனுப்புற?" என்று கேட்டார், அதில் நியாயம் இருந்தது, நானும் சிரித்துவிட்டேன். அப்படி உன் மூக்குத்தி மருந்துக் குழாய்க்குள் விழும் என்றால் இப்போதே கழற்றி வை, பின்னல் நெருப்பில் படும் என்றால் கொண்டை போடு. பார்க்கிறவர்கள் கண்ணை உறுத்துகிறது என்றால் அதற்கு நீ என்ன செய்வாய்? தேய்த்த உடுப்பு, வெட்டிய நகம், சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்பது, அந்த மரியாதை போதும். மூக்குத்தியும் பின்னலுமாகப் போனால் வேலை கை நழுவிப் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பேராதனையில் நீ பட்டம் வாங்கிய அன்று உன் புரொபசர் எனக்குக் கை கொடுக்க வந்தார். பெக்டரிக்கு வருவதற்கு முன்னால் நான் மலையில் கொழுந்து பறித்த காலம் அது, தேயிலைக் கறையில் விரலெல்லாம் கறுத்துப் போயிருந்தது, கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். நீ அதைப் பார்த்தாய். ஒளிக்கிறதை உனக்கு அந்த மேடம் சொல்லித் தரவில்லை மகளே, நான்தான் சொல்லித் தந்தேன். அது என் தப்பு.

அம்மன் உன் கூடவே வருவாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வெறும் வயிற்றோடு போகாதே. உள்ளே போனதும் அவர்கள் நீட்டும் வரை காத்திருக்காமல், நீயே முதலில் கையை நீட்டு.

உன் அம்மா,
சண்முகவடிவு