கிப்லா எந்தப் பக்கம்?

காரைக்கால்,
10 ஜூன் 1957

786

அன்புத் தோழி சலோமிக்கு ஷரீபுன்னிசா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். முகத்தைச் சுளிக்காதே. உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் போகட்டும், கேட்பது நான்தானே.

ஓர் உதவி வேண்டும். என் மகள் மெஹர் பானுவுக்குப் பன்னிரண்டு வயது. மேலே படிக்க வேண்டும், உன்னைப் போல ஆஸ்பத்திரி வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புதுச்சேரியில் உன் வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாயா? பிரெஞ்சுக்காரர் காலத்தைப் போல வழியில் பெட்டியைக் குடைகிற சுங்கச்சாவடியும் இப்போது இல்லை.

என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். அவருடைய அண்ணன் மீரா சாகிப், எங்கள் பெரிய மச்சான், அவர்தான் குதிக்கிறார். "கோயிலுக்கும் போவாத, எந்தச் சாமியையும் கும்பிடாத பொம்பளை வீட்டுல நம்ம புள்ளையா? தொழுகை என்னாவறது?" என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வேளைத் தொழுகையில் குறை வந்தது என்று காதில் விழுந்தாலும், அன்றைக்கே பஸ் ஏறி வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவாராம். அத்தோடு அவள் படிப்பு முடிந்தது. உடனே பதில் போடு.

உன் ஷரீபா


புதுச்சேரி,
15 ஜூன் 1957

அடி ஷரீபா,

உன் கடிதத்தின் தலையில் எண் இருக்கிறது. என் அம்மா எழுதினால் 'சேசு மரி சூசை' என்று தொடங்குவாள். என் தாளில் தேதி மட்டும்தான். பொறுத்துக்கொள்.

பிள்ளையை அனுப்பு. இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா? கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் என் புளிச்சோற்றை நீ வாங்கிக்கொண்டு உன் இடியாப்பத்தை எனக்குக் கொடுப்பாயே, அதற்கே நான் எவ்வளவோ செய்ய வேண்டும்.

ஆனால் பொய் சொல்லி அவளை வாங்கிக்கொள்ள மாட்டேன். எனக்குச் சாமி கிடையாது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் மாட்டேன், அவள் கேட்டால் மறைக்கவும் மாட்டேன். தொழுகை என் பொறுப்பு. நாற்பது நோயாளிகளுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கிற நர்ஸ் நான். ஒரு பிள்ளைக்கு ஐந்து வேளை ஒரு பாரமா? இதை உன் பெரிய மச்சானுக்கு அப்படியே படித்துக் காட்டு.

உன் சலோமி


காரைக்கால்,
4 ஆகஸ்ட் 1957

786

அன்புள்ள சலோமி,

பக்ரீது முடிந்து உன்னிடம் வந்த மகள் முதல் கடிதம் போட்டிருக்கிறாள். கடிதமா அது? உன் மேல் பிராது! "உம்மா, சலோமி மாமி சுபுஹுத் தொழுகைக்கு இருட்டோட எழுப்பிடுறாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்னு கெஞ்சுனா, போர்வையை உருவி மடிச்சு வச்சிடுறாங்க" என்று எழுதியிருக்கிறாள். இங்கே நான் எழுப்பும்போது இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, பாவம் பிள்ளை என்று விட்டுவிடுவேன். இதை வெளியே சொல்லாதே.

பெரிய மச்சானிடம் காட்டினேன். "ம்" என்றார். அவர் "ம்" என்றால் மற்றவர்கள் மாலை போட்ட மாதிரி.

கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிள்ளைக்குக் கொஞ்சமாகக் கொடு, உனக்குத்தான் நிறைய.

உன் ஷரீபா


புதுச்சேரி,
27 ஆகஸ்ட் 1957

ஷரீபா,

தப்பு செய்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வந்த அன்று மெஹர், தொழும்போது நிற்க வேண்டிய திசையைத்தான், "மாமி, கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். என் வீடு நாலு பக்கமும் மாடிச் சுவர்களுக்கு நடுவே இருக்கிறது. சூரியன் உதிப்பதும் தெரியாது, மறைவதும் தெரியாது. என் அம்மா காலையில் கிழக்கே பார்த்துத்தான் முழந்தாளிடுவாள். நாங்கள் போன கோயிலில் பீடமும் கிழக்கில்தான். கும்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் கிழக்குதான் போலிருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டி, பெரிய மேதாவி மாதிரி கையை நீட்டிவிட்டேன். சின்னப் பிள்ளை, என்னை நம்பி அப்படியே நின்றாள்.

நேற்று வார்டில் தாவூது என்ற பெரியவருக்குத் தொழ இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். மனிதர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். "ஏன் பாய் அந்தப் பக்கம்?" என்றேன். "நம்ம ஊருலேருந்து மக்கா மேக்கேதானம்மா" என்றார். நான் கைகாட்டியதோ கிழக்கே. நாற்பத்தைந்து நாள், ஷரீபா!

மெஹரிடம் சொன்னேன். அழுதாள். அழுதது தொழுகைக்காக மட்டுமில்லை, படிப்பு போய்விடுமே என்றும்தான். "உம்மாவுக்கு எழுதாதீங்க மாமி" என்று காலைக் கட்டிக்கொண்டாள். கடவுளுக்குப் பயந்து நான் இதை எழுதவில்லை. எழுதாவிட்டால் உன் பிள்ளையை வைத்திருக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவ்வளவுதான்.

சலோமி


காரைக்கால்,
2 செப்டம்பர் 1957

786

என் உயிர்த் தோழி சலோமிக்கு,

எங்கள் வீட்டில் கடிதம் வந்தால் எல்லோரும் கேட்கும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். இது வந்து சேர்ந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அண்ணன் தம்பி இருவரும் தட்டின் முன்னால். முதல் வரியைக் கண்ணால் பார்த்ததுமே தாளை மடிக்கப் போனேன். வேறு ஏதாவது சொல்லி விழுங்கிவிடலாமா என்று நினைத்தேன். நீயே மறைக்காதபோது ஐந்து வேளை தொழுகிற நான் மறைப்பதா? ஒரு வரி விடாமல் படித்தேன்.

பெரிய மச்சான் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"இத நமக்கு எளுதச் சொன்னது யாரு?"

"யாரும் இல்லீங்க, அவளேதான்."

"எளுதாம இருந்திருந்தா?"

"நமக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

அவர் வாலிபத்தில் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர் என்பது உனக்குத் தெரியுமே. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "தெச தப்பிட்டேன்னு தானா வந்து சொல்ற மாலுமிகிட்ட தோணியக் குடுக்கலாம். தப்பவே மாட்டேன்னு சாதிக்கிறவன்கிட்டதான் குடுக்கக் கூடாது. புள்ள அங்கயே படிக்கட்டும்" என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, "நாப்பத்தஞ்சு நாளு வங்காள விரிகுடாவப் பாத்துல்ல தொளுதிருக்கு!" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, என் வீட்டுக்காரர் அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. தெரியாமல் நின்றதை ஆண்டவன் குற்றம் பிடிக்க மாட்டான், பிள்ளையை அழ வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். தபாலில் அவருடைய பழைய திசைகாட்டி வருகிறது. உடைத்துவிடாதே.

சலோமி, நீ மனம் திரும்ப வேண்டும் என்று இருபது வருஷமாக ஆண்டவனிடம் துஆ கேட்கிறேன். இனியும் கேட்பேன். ஆனால் அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்தபோது, உலகத்தில் எல்லோரும் என்னை மாதிரியே இருந்தால் போதாதோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு நீ இருக்கிறாய்.

உன் ஷரீபா


புதுச்சேரி,
15 செப்டம்பர் 1957

அன்பு ஷரீபா,

திசைகாட்டி பத்திரமாக வந்தது. உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு மெஹர் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டு ஞானமேரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். பிறகு மூன்று பேருமாகக் கதவைச் சாத்திக்கொண்டு மிச்சமிருந்த கருவாட்டைப் பொரித்துத் தின்றோம்.

உன் இருபது வருஷ துஆவைப் பற்றி இன்று காலை அவளிடம் சொல்லி, "நீயும் அதைத்தான் கேட்கிறாயா?" என்றேன்.

"வந்த புதுசுல கேட்டேன் மாமி. இப்ப நிறுத்திட்டேன்."

"ஏண்டி?"

"அல்லாஹ் மன்னிச்சிடுவான்னு உங்களுக்கும் தெரிஞ்சிட்டா, நீங்களும் என்னை மாதிரி இன்னும் அஞ்சு நிமிஷம்னு தூங்கிடுவீங்க. அப்புறம் சுபுஹுக்கு யாரு எழுப்புறது?"

நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அவள் நிறுத்தினால் நிறுத்தட்டும். நீ நிறுத்திவிடாதே ஷரீபா. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் விடியற்காலையில் அந்தப் பிள்ளையை எழுப்பிவிட்டு அடுப்படியில் தனியாக நிற்கும்போது, காரைக்காலில் ஒருத்தி இந்நேரம் என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அது எனக்கு வேண்டியிருக்கிறது.

உன் சலோமி