உன் பாட்டின் இரண்டாவது பாதி

சென்ற வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக் கடையில் சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. பக்கத்து மேசையில் ஓர் இளைஞன் கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அதற்குள்ளிருந்து நீ பாடிக்கொண்டிருந்தாய். நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. ரசம் இலையைத் தாண்டி மடியில் வழிந்த பிறகுதான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"பாட்டன் காலத்துலேர்ந்து ஒன் வாயில எனக்கு ஒரே பேரு, இன்னிக்கு என் பேர நானே சொல்றேன், எந்திரிச்சுக் கேளு."

இவ்வளவுதான். முடிந்ததும் மறுபடி இதே வரிகள். யாரோ வெட்டி எடுத்து, சாலையில் எரியும் மோட்டார் சைக்கிள் படம் ஒன்றை ஒட்டிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஊரில் நமக்கும் மலாய்க்காரர்களுக்கும் மறுபடி ஒரு சண்டை, மறுபடி ஒரு வீடியோ. அதற்கு உன் பாட்டு பின்னணி.

நான் பார்ப்பதைக் கண்டு அவன் சிரித்தான். "செம கெத்துல்ல, பாஸ்? யாருன்னு தெரியுமா?"

"என் கூட்டாளி. இப்ப இல்ல."

"அய்யோ. இருந்திருந்தா இந்த வாரம் அவனுங்கள சும்மா விட்டிருக்க மாட்டாரு லா."

இந்தப் பாட்டுக்கு இன்னொரு பாதி உண்டு என்றேன். என் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். நீ மலாயில் பாடத் தொடங்கியதும் அவன் முகம் மாறியது. மரியாதைக்காகக் கொஞ்சம் கேட்டான். பிறகு, "இது வேணாம் பாஸ். முன்னாடி உள்ளதுதான் ஏறுது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். கெட்ட பையன் இல்லை. எனக்கும் சேர்த்து மோர் சொல்லிவிட்டுத்தான் போனான்.

உனக்கு எப்படிச் சொல்வேன் இதை?

இந்தப் பாட்டு வந்த உன் ஆல்பம் பிறந்ததே வெட்டப்பட்ட ஒரு வீடியோவால்தானே. கிள்ளானில் நம் பக்கத்துப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதில் வாய்த்தகராறு. நம் பையன்கள் நாலைந்து பேர், அவர்கள் பக்கம் நாலைந்து பேர். விலக்கிவிடப் போன ஃபைசாலின் தலையில்தான் கட்டை விழுந்தது. அங்கே அப்பம் பாலிக் விற்கிற மலாய்ப் பையன், யாரோடும் சண்டைக்குப் போகாதவன். யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஊரெல்லாம் சுற்றிய வீடியோ அவன் விழுந்த பிறகுதான் தொடங்கியது. அதற்கு முன்னால் நம் பையன்களை அவர்கள் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது அதில் இல்லை. நம்மவர்கள் சுற்றவிட்ட வீடியோவில் திட்டு மட்டும் இருந்தது, ஃபைசால் இல்லை.

அந்த நாட்களில் நீ துறைமுகத்து வாசலில் கண்டெய்னர் லோரியை நிறுத்திவிட்டு வரிசையில் காத்திருந்தபடியே வரிகளைச் சொல்லி எனக்கு அனுப்புவாய். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே உன் குரல். கூடவே வரிசையில் நின்ற ஒருவன் நம் ஆட்களை இழிவாகச் சொல்லும் அந்தப் பழைய பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்ட அன்று அனுப்பியதுதான் இப்போது ஊரெல்லாம் ஓடுகிறது. கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் நான். எனக்குப் பாட்டு எழுத வராது. ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "இது போதும்டா, இதோட நிறுத்து, ஹிட்டு" என்றேன்.

நீ நிறுத்தவில்லை. பண்டமாரானில் இருந்த உன் வீட்டிலிருந்து நேராக ஃபைசாலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வந்து என் அறையில் உட்கார்ந்தாய். சுவரில் மெத்தையைச் சாய்த்து, சத்தம் வரும் என்று காற்றாடியை அணைத்து, வியர்வையில் ஊறியபடி இரண்டாவது பாதியைப் பாடினாய். ஃபைசால் பேசுவதுபோல, மலாயில். என்னை அடித்த கை எதுவென்று நான் பார்க்கவில்லை. அம்மா கட்டிலருகே வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், நாளைக்கு மாவு கரைக்கட்டுமா வேண்டாமா என்று. இப்படிப் போகும் அது. பாடி முடித்துவிட்டு நீ முகத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாய்.

"ரெண்டு பக்கமும் ஒன்னத்தான் அடிப்பானுங்க" என்றேன்.

"அடிக்கட்டும்டா. பாட்டு போட்டா சண்டை நிக்கும்னு நான் சொல்லல. அவன் அம்மா கேட்டது வெளிய வரணும், அவ்ளோதான்."

இரண்டு பக்கமும் அடித்தார்கள். வெளியீட்டுக்கு மண்டபம் தருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கையை விரித்தார். வானொலியில் இருந்த நண்பர், "சென்சிட்டிவ் லா, புரிஞ்சிக்கோ" என்று போனை வைத்துவிட்டார். முதல் பாதிக்காகப் போலீஸ் பாலாயில் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். இரண்டாவது பாதிக்காக நம் ஆட்களே உன் லோரிக் கண்ணாடியில் சாணியை அப்பினார்கள். உன் மனைவி அன்று அழுதாள். "ரெண்டு புள்ளைங்க இருக்குங்க நமக்கு" என்றாள். நீ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடியைக் கழுவினாய். யாரையும் திட்டவில்லை. எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது, ஏதாவது சொல்லித் தொலையேன் என்று.

அதன் பிறகு காய்ச்சல். டெங்கி என்றார்கள். அதே ஆஸ்பத்திரி. சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தவன் நீ, ஒரு வாரத்தில் இல்லை. உன் சாவுக்கு ஃபைசால் தலையில் தழும்போடு வந்து, உன் வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

கடையிலிருந்து வந்த அன்றே அந்த வெட்டுப் படங்களைத் தேடித் தேடித் தளத்தில் புகார் செய்தேன். முழுப் பாட்டையும் கேளுங்கள் என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதினேன். யார் வீட்டு நாய் நீ என்று தமிழிலும் கேட்டார்கள், மலாயிலும் கேட்டார்கள். மறுநாள் காலையில் ஓர் அறிவிப்பு வந்தது. இனத் துவேஷம் என்று சொல்லி உன் ஆல்பத்தைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். முழுப் பாட்டும் போய்விட்டது. வெட்டியவை அப்படியே இருக்கின்றன. ஒன்று போனால் பத்து முளைக்கிறது. முறையீடு எழுதினேன். பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை என்று பதில் வந்தது. மனிதன் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்றுகூடத் தெரியவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஃபைசால் போனில் கூப்பிட்டான். என்னை அண்ணன் என்ற பொருளில் பாங் என்பான். "பாங், அவரைத் தெரியாதவங்க எல்லாம் அவரைப் பத்திப் பேசுறாங்க. என் கடைக்கு வர்றவங்களே பேசுறாங்க. நான் என்ன சொல்லணும்?" என்று மலாயில் கேட்டான்.  

உன் மனைவியிடம் சொல்லத்தான் பயந்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். "அவரு இருந்தா ஏதாச்சும் பேசியிருப்பாருண்ணே. நீங்க பேசுங்களேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மைக்கை எடுத்து வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. என் மூச்சுதான் பதிவாகிக்கொண்டிருந்தது. எனக்குச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான் தெரியும். பேசுகிறவன் நீ.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். ஒலிபெருக்கிகளைக் கட்டி முடித்ததும், சோதனை என்று சொல்லிக்கொண்டு, என் கணினியில் இருக்கும் உன் இரண்டாவது பாதியைப் போட்டேன். வெறும் நாற்காலிகள். மேசை விரிப்பு போட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெண் கையை நிறுத்தி, யார் இது என்று கேட்டாள். என் கூட்டாளி என்றேன். விரிப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கார் வந்து நின்றது. நான் உன் குரலைக் குறைத்து நிறுத்திவிட்டு, நாதஸ்வரத்தைப் போட்டேன்.