வலது கன்னம்

21-2-1993, ஞாயிறு.

இன்று சபையில் என் வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொன்னார்.

இவருக்கு இடது கன்னத்தின் உள்ளே புற்று. அறுப்பதற்கு முன் கட்டிக்குள்ளேயே மருந்தை ஊசியாக ஏற்றிச் சுருக்கிப் பார்க்கிறார்கள். புது முறை, சோதனைதான் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றே ஊசியில் கட்டி பாதியாகிவிட்டது. "சுருங்கினா கொஞ்சமா அறுக்கலாம்மா. அறுக்காம விட முடியாது" என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். வியாழக்கிழமை ஆபரேஷன்.

காலையில் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துணி காயப்போடப் போனேன். இவர் வலது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா மொறைக்கிற? கட்டி அந்தாண்ட கீது. நான் இந்தாண்டதானே வச்சிகினு கீறேன்!"

ஃபேக்டரியில் இருபது வருஷம் மெஷின் ஓட்டிய மனுஷன் பேசுகிற பேச்சா இது?

திருமுல்லைவாயிலில் எங்கள் சபைக்குப் போனதும் என்னையும் முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். அதே வாயால் இவர், "ஊசி இல்ல, ஆண்டவர்தான் கரைச்சார். இனிமே கத்தியே வேணாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அந்தப் புகையிலை நாற்றம் அடித்தது.

"சிஸ்டர், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். காலையில் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். நான் "ஸ்தோத்திரம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வாய் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறேன்.