இணை போய்விட்டால்

மார்ச் 4, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வேலை நேரத்தில் கழிப்பறையில் உட்கார்ந்து போனில் சீட்டுச் சண்டை ஆடினேன். அதுவும் தோற்றேன். தோற்றதற்கு அழுதேன் வேறு. என்கூட ஓட்டல் சலவைப் பிரிவில் துணி மடிக்கிற ரேடியோ வந்து கதவைத் தட்டி, "அக்கா, ரொம்ப வலிக்குதா? உப்புத் தண்ணி கலக்கித் தரட்டா?" என்றாள். வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தது நான்தான். கலக்கிக் கொண்டுவந்தாள். குடித்தேன். பொய்க்கு அதுவாவது தண்டனையாக இருக்கட்டும்.

சீட்டு விஷயம் இதுதான். என்னிடம் காவல்காரி என்று ஒரு சீட்டு இருக்கிறது. அவளுக்கு ஜோடி காவல்காரன். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவள் சீட்டின் அடியில் எழுதியிருக்கிறது: 'இணை போய்விட்டால் இவளுடைய பலம் இரண்டு மடங்காகும்.' எதிரில் ஆடியவர் சூறைக்காற்று சீட்டைப் போட்டார். என் காவல்காரனைத் தூக்கி, களத்தை விட்டு என் கைக்கே திருப்பி அனுப்பிவிட்டது. சரி, போய்விட்டான். அவள் பலம் கூட வேண்டுமா இல்லையா? கூடவில்லை. அதே பழைய மூன்று பலத்தோடு மொட்டைமரம் மாதிரி நின்றாள். அடுத்த அடியில் முடிந்தாள்.

எதிரில் ஆடியவர் பெயர் மொட்டைச் சிங்கம். என் வீட்டுக்காரர்தான். அவர் தலையைப் பார்த்து நான் வைத்த பெயர். என்னைப் பார்த்து அவர் வைத்தது குண்டுராணி.

மார்ச் 5, புதன்

மழைக்காலத்தில் அவர் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். பஸ் பணிமனையில் மெக்கானிக். அங்கே கேன்டீன் நடத்துகிறவளோடு இருக்கிறார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "கொஞ்ச நாள் அங்க இருந்து பாக்கறேன்" என்றார். என்னமோ வாடகைக்கு வீடு பார்ப்பது மாதிரி.

பேச்சு கிடையாது. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தால் ஆட்டத்துக்குக் கூப்பிடுவேன். வருவார். ஆட்டத்துக்குள் பேச நான்கே பொத்தான்: வணக்கம், அடடா, நல்ல ஆட்டம், நன்றி. எங்கள் குடும்பம் இப்போது அந்த நான்கு பொத்தானில்தான் ஓடுகிறது. உண்மையைச் சொன்னால், வீட்டில் இருந்தபோதும் அவர் இதைவிட அதிகமாகப் பேசியதில்லை.

மார்ச் 7, வெள்ளி

விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். 'உதவி' என்று ஒரு மூலை இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன்.

"ஐயா, போய்விட்டால் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆள் போய்விட்டான், நான் கண்ணால் பார்த்தேன். பலம் ஏன் தரவில்லை? எழுதுவது ஒன்று, நடத்துவது ஒன்றா?"

அனுப்பிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். பெரிய கோர்ட்டுக்கு எழுதின மாதிரி.

மார்ச் 12, புதன்

பதில் வந்துவிட்டது! 'அன்பான வீரரே' என்று ஆரம்பிக்கிறது. என்னை வீரர் என்று கூப்பிட இத்தனை வருஷத்தில் ஒரு கம்பெனிதான் வாய்த்தது.

'கைக்குத் திரும்பிய சீட்டு போனதாகக் கொள்ளப்படாது. அது இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. நீங்கள் விரும்பும்போது மீண்டும் களத்தில் இறக்கலாம்.'

திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. மீண்டும் இறக்கலாம்.

நாளெல்லாம் ஓட்டல் துணிக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்த கையோடு, அலமாரியில் கிடந்த அவர் சட்டைகளை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டேன். காலர் எல்லாம் கத்தி மாதிரி நிற்கிறது. சும்மாதான். துணி மடங்கிக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது.

மார்ச் 13, வியாழன்

ரேடியோவிடம் பதிலைக் காட்டினேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அவங்க சீட்டப் பத்தி எழுதியிருக்காங்க."

"நான் மட்டும் வேற எதப் பத்தியாடி கேட்டேன்?"

"இல்ல... முகமெல்லாம் பளபளன்னு இருக்கேன்னு பார்த்தேன்."

"இஸ்திரி ஆவி. உனக்கும் வேணும்னா சொல்லு, மூஞ்சிய நீட்டு."

மார்ச் 19, புதன்

இன்றைக்கு அவர் புதுச் சீட்டு ஒன்று போட்டார். மயக்குகாரி. அந்தப் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன் – கம்பெனிக்காரனுக்கு எங்கள் வீட்டுக் கதை யார் சொன்னது? மயக்குகாரி வந்தால் நம் சீட்டு நம் கைக்கு வராது. எதிராளி கைக்குப் போய்விடும். என் காவல்காரன் கண்ணெதிரே நகர்ந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

சரி, இதுவாவது போனது தானே? இப்போதாவது இரண்டு மடங்கு?

மூன்று. அதே மூன்று.

அவர் 'நல்ல ஆட்டம்' பொத்தானை அழுத்தினார். என்ன நல்ல ஆட்டம்.

மறுபடியும் எழுதிப் போட்டேன்: "என் கைக்கு வந்தால் போகவில்லை என்றீர்கள், ஒப்புக்கொண்டேன். அடுத்தவள் கைக்குப் போனாலும் போகவில்லையா?" அனுப்பின பிறகுதான் பார்த்தேன். அடுத்தவர் என்று எழுத நினைத்தது அடுத்தவள் என்று போய்விட்டது.

மார்ச் 24, திங்கள்

'அன்பான வீரரே, எதிராளியின் கைக்குச் சென்ற சீட்டும் இறந்ததாகாது. போய்விட்டால் என்ற சொல் இங்கே இறப்பை மட்டுமே குறிக்கும். எனவே பலம் கூடாது. விதி சரியாகவே செயல்படுகிறது.'

சரியாகத்தான் செயல்படுதாம்! அப்போ அவ என்னதான்டா பண்ணுவா? ஜோடியும் பக்கத்துல இல்ல. செத்தும் போகல, அழுது முடிச்சுட்டு எழுந்திருக்க. வரவும் மாட்டான். அவ பாட்டுக்கு மூணு பலத்த வச்சுக்கிட்டு முன்வரிசையில நிக்கணும், வர்றவன் போறவன் எல்லாம் அடிப்பான், அப்படித்தானே? செத்தாத்தான் கணக்கா? உசுரோட போனா அதுக்குப் பேரு போறது இல்லையா?



மார்ச் 25, செவ்வாய்

போன் போட்டேன். போன பிறகு முதல் தடவையாக. எடுத்தார்.

"என்ன குண்டு?" என்றார். பழைய குரல். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போனது.

"ஒண்ணுமில்லைங்க. சீட்டுல ஒரு சந்தேகம். மயக்குகாரி தூக்கிட்டுப் போன ஆளை மறுபடி நான் இறக்க முடியுமா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. யாரோ குழாயை மூடினார்கள்.

"முடியாது" என்றார். "அவ கைக்குப் போனா அவ சீட்டுதான். அதான் ரூலு."

"திரும்பி வர்றதுக்கு வேற சீட்டு எதுவும் இல்லையா?"

"இல்லம்மா."

குண்டு என்று கூப்பிட்டவர் அம்மா என்றார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"ரூல நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான்கு பொத்தானில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. வைத்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பச்சை விளக்கு எரிந்தது. நான் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

விளையாட்டில் திருத்தம் வந்திருக்கிறது. காவல்காரி சீட்டைத் திறந்து பார்த்தேன். 'இணை இறந்தால்' என்று மாற்றிவிட்டார்கள். விதியை மாற்றவில்லை, சொல்லைத்தான் மாற்றினார்கள். உங்களைப் போன்ற வீரர்களின் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வேறு.

உலகத்தில் எத்தனை பேர் இதை ஆடுகிறார்களோ, அத்தனை பேர் சீட்டிலும் என்னால் ஒரு சொல் மாறியிருக்கிறது. ரேடியோவிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். ராத்திரி யோசித்தால் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இருக்கிறது. 'போய்விட்டால்' என்பதில் கொஞ்சம் இடம் இருந்தது. ஒண்டிக்கொள்ள.

ஏப்ரல் 15, செவ்வாய்

சலவைப் பிரிவுக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், சின்ன வயசு. நேற்று டீ நேரத்தில் ஒவ்வொருவரிடமும் குடும்பம் பற்றி விசாரித்தார். என் முறை வந்தது.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?"

"அவர் போயிட்டாருங்க."

"அடடா. எப்போ?"

"மழைக்காலத்துல."

"உடம்பு முடியாம இருந்தாரா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருந்தாரு. திடீர்னு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தபோது, திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை வேலை தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, என் வீட்டுக்காரருக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார். விஷயம் முழுதும் தெரிந்த ரேடியோ தரையைப் பார்த்தபடி நின்றாள், தோள் குலுங்கியது. நானும் தலை குனிந்து நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து பெரிய மெஷினை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளை விரிப்புகளோடு ஒரு நீலத் துண்டும் உள்ளே கிடந்து சாயம் விட்டிருக்கிறது. மூன்றாம் மாடி அறைகளுக்கு இன்று நீல விரிப்பு.